எப்பாவலத் தூள் கரையவில்லை, இன்னொரு மூட்டை போடவா?

கேள்வி: மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் இரண்டு ஏக்கர் நெல் வேளாண்மை. தண்ணீரில் கரைகிற பொஸ்பேட்டுப் பசளையான ரி.எஸ்.பி வாங்கிக் கட்டாது என்று எப்பாவலப் பொஸ்பேட்டை அடிக்கட்டுப் பசளையாகப் போட்டேன். விதைத்து ஒரு மாதமாகிறது. பயிர் கறுத்த பச்சையாக, குட்டையாக நிற்கிறது, மட்டம் வெடிக்கவில்லை, அடியிலிருந்து பக்கக் கிளைகள் கிளம்பவில்லை. வரம்போரச் சேற்றைக் கோப்பையில் அலசினால் தூள் அப்படியே அடியில் கிடக்கிறது. கடைக்காரர் மண்ணைக் கலந்து தந்துவிட்டாரா? இன்னொரு மூட்டை போடவா? போன வெட்டு முடிந்து வைக்கோலை எரித்த சாம்பலும் வயலில்தான் கிடந்தது.

பதில்: போடவேண்டாம் தம்பி. கலப்படமா என்று கோப்பையை வைத்துச் சொல்ல முடியாது. நல்ல தூளும் அப்படித்தான் அடியில் கிடக்கும். அநுராதபுர மாவட்டத்தில் தோண்டுகிற அபடைட் பாறை அது, கல்சியமும் பொஸ்பேட்டும் இறுகப் பிடித்த கனியம். வெறும் தண்ணீருக்கு அசையாது. அமிலம் அதைத் தளர்த்த வேண்டும், விடுபட்ட கல்சியத்தை மழை கழுவிக்கொண்டு போக வேண்டும், அப்போதுதான் அடுத்த படை கரையும். மலைநாட்டுத் தேயிலை மண்ணில் புளிப்பும் உண்டு, மழையும் உண்டு, செடியும் வருடக்கணக்கில் நிற்கும். மூன்றரை மாதத்தில் வெட்டுகிற நெல்லுக்கு எங்கே அவகாசம்? புளித்த மண்ணும் தண்ணீர் கட்டிய சில கிழமைகளில் நடுநிலைக்கு வந்துவிடும். இது தெரிந்தும் "ரி.எஸ்.பிக்குப் பதில் இதுதான்" என்று மூட்டையைத் தூக்கித் தருகிற கடைக்காரர் கலப்படக்காரரைவிட மோசம். 2021இல் உர இறக்குமதி நின்றபோது பழகிய வாய், இன்னும் மாறவில்லை.

சரி, நீங்கள் கேட்காமல் விட்டது கடைசி வரியில் கிடக்கிறது. நெல் எடுத்த பொட்டாசியத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. எரித்தால் அதிலுள்ள நைதரசன் அநேகமாக முழுதும் புகையோடு போகும். சாம்பலில் மிஞ்சுகிற பொட்டாசியத்தையும் மழை வாய்க்காலுக்கு இழுத்துவிடும். சாம்பல் காரம் வேறு; கல்லைக் கரைக்க இருந்த கொஞ்சநஞ்ச அமிலத்தையும் அது தின்றுவிடும். மாசி பங்குனியில் படுவான்கரைப் பக்கம் போனால் கண் எரிகிறது. தீயை வைத்துவிட்டு பொட்டாசியப் பசளையான எம்.ஓ.பியின் விலையைப் பற்றிப் புலம்புகிறோம். எரிப்பதை விடாதவருக்குப் பசளை அளவு எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. மெஷின் வரிசையாக விட்டுப்போன வைக்கோலை வயல் முழுக்க உதறிப் பரப்புங்கள். விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமை முன்பே உழுது மடக்குங்கள். மடக்கிய கையோடு விதைத்தால், உக்குகிற வைக்கோல் நைதரசனைப் பிடித்துக்கொள்ளும், நாற்று மஞ்சளாகும்.

இந்தப் போகத்துக்கு, அடையாளம் பொஸ்பரசுக் குறைவு போலத்தான் இருக்கிறது. வாவியோர வயலென்றால் உவரும் பயிரைக் குட்டையாக்கும். அதனால் கமநல சேவை நிலையத்துப் போதனாசிரியரை வயலுக்கே கூட்டிவாருங்கள். அவர் சொன்னால் ரி.எஸ்.பி கொஞ்சம் உடனே போடலாம். மட்டம் வெடிக்கிற காலம் போனபின் போட்டுப் பயனில்லை. வெட்டு முடிந்ததும் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். வருடக்கணக்காக ரி.எஸ்.பி கண்ட வயலில் பொஸ்பரசு தேங்கி நிற்பதும் உண்டு.

மிச்சத் தூளை மாட்டெருவோடு கூட்டெருக் குவியலில் கலந்துவிடுங்கள். உக்கும்போது வருகிற சேதன அமிலங்கள் மெல்ல மெல்லக் கரைக்கும். அதில் மட்டும் சாம்பலைக் கொட்டாதீர்கள்.