‘ஒத்துக்கலை’ என்றால் எது? உணவு ஒவ்வாமை: கேள்வி பதில்

கேள்வி: பால் குடிச்சா வயிறு உப்பிக்குது, ஒரு மணி நேரத்துல கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கு. தயிர், மோர் ஒண்ணும் பண்றதில்லை. எனக்குப் பால் அலர்ஜியா டாக்டர்?

இல்லை. நாம் எல்லாவற்றுக்கும் ‘ஒத்துக்கலை’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அதற்குள் வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அலர்ஜி என்பது பாலின் புரதத்தை உடலின் எதிர்ப்பு சக்தி எதிரியாக நினைத்துப் பாய்வது. அப்படியானால் தயிரும் மோரும்கூட ஆகாது. நெய்யில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் புரதத்தைக்கூட நம்ப முடியாது. உங்களுக்குச் செரிக்காதது பாலிலுள்ள சர்க்கரை, அதாவது லாக்டோஸ். அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி சிறுகுடலில் குறைந்துவிட்டது. உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. அதுதான் வாயுவும் பேதியும். பால் தயிராகும்போது கிருமிகள் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன.

இது அளவைப் பொறுத்த தொல்லை. 200 மி.லி. பாலில் சுமார் 10 கிராம் லாக்டோஸ். இந்தக் குறை உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை பெரிய தொந்தரவின்றித் தாங்குகிறார்கள். காபியில் ஊற்றும் 50 மி.லி. பாலில் இரண்டரை கிராம்தான். இரண்டு வாரம் பாலை நிறுத்துங்கள். வயிறு அடங்கியதும் 50 மி.லி.யில் தொடங்கி, வெறும் வயிற்றில் இல்லாமல் சாப்பாட்டோடு, மூன்று நாளுக்கொரு முறை கூட்டிப் பாருங்கள். எந்த அளவில் வயிறு முறுக்குகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ இந்தச் சோதனை வேண்டாம். நேரே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: சூரை மீன் குழம்பு சாப்பிட்ட அரை மணியில் தம்பிக்கு முகம் சிவந்து, தலைவலி, உடம்பெல்லாம் அரிப்பு. அப்பாவுக்கும் அதே. குடும்பத்துக்கே மீன் அலர்ஜியா?

ஒரே சட்டியில் சாப்பிட்ட இருவருக்கு ஒரே நேரத்தில் வந்தால் முதலில் மீனைச் சந்தேகப்படுங்கள், உடம்பை அல்ல. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற புரதக் கூறு அதிகம். பிடித்ததும் ஐஸில் வைக்காவிட்டால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜியில் உடல் தானே சுரக்கும் அதே பொருள் இங்கே தட்டிலேயே வந்துவிடுகிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஹிஸ்டமின் சாகாது. மீன் நாறியிருக்க வேண்டும் என்றும் இல்லை. சில சமயம் நாக்கில் மிளகுபோல் சுள்ளென்று இருப்பது மட்டுமே அடையாளம். வெயிலில் தட்டில் பரப்பி விற்கும் சூரையை வாங்காதீர்கள். வாங்கியதை ஐஸோடு கொண்டுவந்து உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: கருணைக்கிழங்கு தின்னா தொண்டை அரிக்குது. இதுவும் அலர்ஜிதானே?

பெரும்பாலும் இல்லை. கிழங்கிலிருக்கும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் குத்துவதால் வரும் அரிப்பு. புளித்தண்ணீரில் நன்றாக வேகவிட்டால் குறையும். பாட்டிமார் கணக்கு சரி.

கேள்வி: ஒரு துளி ரத்தத்தில் 200 உணவு பார்க்கிறோம் என்று ஒரு லேபில் ரிப்போர்ட் கொடுத்தார்கள். அரிசி, தக்காளி, சீரகம்கூடச் சிவப்பில் இருக்கிறது. என்ன சாப்பிடுவது?

நேற்று வரை சாப்பிட்டதைச் சாப்பிடுங்கள். அது ரத்தத்திலுள்ள ஐஜிஜி (IgG) என்ற எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் சோதனையாக இருந்தால், நீங்கள் அந்த உணவை உண்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். காசு தண்டம். அலர்ஜிக்குப் பார்ப்பது ஐஜிஇ (IgE) என்ற வேறொரு எதிர்ப்புப் பொருளை, அல்லது தோலில் குத்திப் பார்க்கும் சோதனை. பின்னதில் 15 நிமிடம் கழித்து 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்தால் பாசிட்டிவ். அதுவும் சாப்பிட்டதும் தொல்லை வந்த உணவுக்கு மட்டும்தான் அர்த்தம் தரும்.

கேள்வி: ஆறு மாதக் குழந்தைக்கு வேர்க்கடலை கொடுக்கலாமா? மாமியார் மூன்று வயது வரை கூடாது என்கிறார்.

அவர் சொல்வது ஒரு காலத்தில் மருத்துவர்களும் சொன்னதுதான். 2015இல் வெளியான பிரிட்டன் ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. அலர்ஜி வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளில் வேர்க்கடலையைத் தள்ளிவைத்தவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்கு ஐந்து வயதில் அலர்ஜி இருந்தது. 4 முதல் 11 மாதத்துக்குள் தொடங்கித் தொடர்ந்து உண்டவர்களில் 3 சதவீதம்தான்.

முழுக் கடலை வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும். வறுத்துத் தோல் நீக்கி நைசாகப் பொடித்து, கால் டீஸ்பூனைக் கஞ்சியில் கட்டியில்லாமல் கலந்து விரல் நுனியளவு ஊட்டி, 10 நிமிடம் பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் மீதியைக் கொடுங்கள். பிறகு மெல்லக் கூட்டி, வாரம் மூன்று முறை இரண்டு டீஸ்பூன். ஒரு நாள் கொடுத்து அப்படியே விட்டுவிட்டால் பயனில்லை. கடுமையான தோல் கரப்பானோ (எக்ஸிமா) முட்டை அலர்ஜியோ இருந்தால் முதல் வாயை வீட்டில் ஊட்டாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு (20 கிலோ) இறால் சாப்பிட்டுத் தடிப்பும் இழுப்பும் வந்தது. செட்டிரிசின் கொடுத்தோம், சரியாயிற்று. இனியும் அது போதுமா?

போதாது. அந்த மாத்திரை அரிப்பைத் தணிக்கும்; வீங்கும் தொண்டையையும் இறங்கும் ரத்த அழுத்தத்தையும் தடுக்காது. தோலோடு மூச்சும் சேர்ந்து பாதித்தால் தேவை அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்புறத் தசையில். அளவு கிலோவுக்கு 0.01 மி.கி.; மகளுக்கு 1 மி.லி.க்கு 1 மி.கி. உள்ள மருந்தில் 0.2 மி.லி. அதை வீட்டில் வைத்துக்கொள்ளவும் போடவும் உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிப் பழகுங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு திணறினால் உட்காரட்டும், நடக்க விடாதீர்கள். 108ஐ அழையுங்கள். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. தேறினாலும் மருத்துவமனையில் சில மணி நேரம் இருக்க வேண்டும், அடங்கியது திரும்பலாம்.

நண்டையும் சிங்கி இறாலையும் அலர்ஜி சோதனை முடியும்வரை நிறுத்துங்கள். இறாலிலும் இவற்றிலும் அலர்ஜி தரும் புரதம் ஒன்றேதான், வேகவைத்தாலும் அழியாது. மீனின் புரதம் வேறு, அதை நிறுத்தத் தேவையில்லை.

கேள்வி: கடலை அலர்ஜி உள்ளவருக்குக் கடலை எண்ணெய்?

நன்கு சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. செக்கில் ஆட்டியதில் இருக்கும், அதைத் தொடாதீர்கள். கடையில் பஜ்ஜி, மிக்சர் எந்த எண்ணெயில் பொரித்தார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பாக்கெட்டில் வேர்க்கடலை இருந்தால் எழுதியாக வேண்டும் என்று 2020இன் இந்திய விதி சொல்கிறது. எள்ளும் கடுகும் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. அவை ஆகாதவர்கள் சேர்மானங்களை வரி வரியாகப் படிக்கத்தான் வேண்டும்.