அம்மாயி சொன்னது ஒன்று, திரையில் ஓடியது வேறொன்று

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாயிக்கு 84 வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர், இப்போது பேத்தியோடு கொழும்பில் இருக்கிறார். மலையகத் தமிழரின் குடியுரிமை வரலாற்றை ஆவணப்படமாக எடுக்கிறோம் என்று ஒரு தயாரிப்பு நிறுவனத்தார் வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் அவரைப் பேசவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள், போகும்போது ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாளில் கைநாட்டும் வாங்கியிருக்கிறார்கள். ஒரு பழைய ஸ்டூடியோப் போட்டோவை "ஸ்கேன் பண்ணிவிட்டுத் தருகிறோம்" என்று கொண்டுபோனவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை. ஆவணப்படம் மூன்று மாதத்துக்கு முன் ஒரு தனியார் தொலைக்காட்சியில் போனது. அம்மாயியின் பெயர் எங்கேயும் இல்லை, அவர் சொன்னதற்கு மாறாக மொழிபெயர்ப்பு வரி ஓடியது, அவர் பாடிய ஒப்பாரி டைட்டிலுக்குப் பின்னணியாகப் போகிறது. அடுத்த மாதம் மறு ஒளிபரப்பு, பிறகு யூடியூப். படத்தை நிறுத்த வழக்குப் போடலாமா என்பது கேள்வி. "இந்தச் சிறுபான்மைப் பிரச்சினையெல்லாம் பேசி கோர்ட்டுக்குப் போனால் பொலிஸ் வீட்டுக்கு வரும், விட்டுவிடு" என்கிறாராம் மாமா.

நீங்கள் அனுப்பிய படத்துண்டை நான்கு தடவை பார்த்தேன். அம்மாயி சொல்வது தெளிவாகக் கேட்கிறது: "அக்கா போறேன்னு சொல்லல தம்பி, மச்சான் பேரைப் பதிஞ்சாரு, அதோட அக்கா பேரும் போயிருச்சி." கீழே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓடும் வரியின் பொருள், "அக்கா இந்தியாவுக்குப் போக முடிவெடுத்தார்." ஒரு வினைச்சொல்தான் மாறியிருக்கிறது, ஆனால் ஒரு சமூகத்தின் வரலாறே அந்த வினைச்சொல்லில்தான் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஆட்களை எண்ணிக்கையாகப் பிரித்தது, அந்த மீதியையும் 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். போவதா இருப்பதா என்று அந்த அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. இந்தியாவுக்குக் கப்பலேறுகிறவர்களோடு தலைமன்னாருக்குப் போன கோச்சியை, அதாவது ரயிலை, ஒப்பாரிக் கோச்சி என்று ஏன் சொன்னார்கள் என்று அதே பேட்டியில் அம்மாயி சொல்கிறார், அதற்குச் சில நிமிடம் முன்னால்தான் அவர் "முடிவெடுத்தார்" என்று சொன்னதாக வரி ஓடியிருக்கிறது. தமிழ்நாட்டில் கோத்தகிரியில் இருக்கும் அக்கா மகன் போன் எடுத்து "எங்கம்மா ஆசைப்பட்டா வந்தாங்க, சித்தி நீங்களே இப்பிடிச் சொல்லிட்டீங்களே" என்று அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி உங்கள் கடிதத்தில் சும்மா இருப்பதுபோலத் தெரியலாம், சட்டத்தில் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: படத்தை நிறுத்தக் கேட்காதீர்கள், திருத்தக் கேளுங்கள். நிறுத்தினால் அம்மாயி சொன்ன நல்லதும் சேர்ந்து போய்விடும். அத்தோடு, முழுப் படத்தையும் தடுக்கக் கேட்கும் வழக்கு சட்டப்படியும் பலவீனமானது. கெமராவுக்கு முன்னால் மூன்று மணி நேரம் இருந்து பேசியவர், அது தொலைக்காட்சியில் வரும் என்று தெரிந்து பேசியவர், பிறகு பேட்டியே வரக்கூடாது என்றால் நீதிமன்றம் லேசில் கேட்காது. ஆனால் பெயர், சொல்லைத் திரித்தது, பாட்டு, போட்டோ என்ற நான்கு விஷயத்திலும் உங்கள் கை பலமாகத்தான் இருக்கிறது.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்தான் இங்கே முக்கியம். பதிப்புரிமை என்றால் புத்தகம் எழுதியவருக்கும் பாட்டு எழுதியவருக்கும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் 6ஆம் பிரிவு பேச்சு, உரை, வாய்மொழிப் படைப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பாதுகாக்கிறது. படத்தின் சொந்தக்காரர் தயாரிப்பாளர்தான், அதை நாம் மறுக்க முடியாது. ஆனால் அதற்குள் அம்மாயி தன் வாயால் கோத்துச் சொன்ன கதை அவருடைய படைப்பு. நடந்த சம்பவம் யாருக்கும் சொந்தமில்லை, 1964ஐப் பற்றி யாரும் படம் எடுக்கலாம். அதை அவர் சொன்ன விதம்தான் அவருடையது. எங்கேயும் பதியத் தேவையில்லை, இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு என்பதே கிடையாது.

அடுத்தது 10ஆம் பிரிவு. படைத்தவரின் பெயரைப் போட வேண்டும், அவர் மதிப்புக்குப் பங்கம் வரும்படி படைப்பைத் திரிக்கக்கூடாது என்ற தார்மீக உரிமைகளை அது தருகிறது. காசுக்கு விற்கும் உரிமையோடு இதற்குச் சம்பந்தமில்லை, மற்ற உரிமைகளை எழுதிக் கொடுத்தாலும் இது ஆளிடமே இருக்கும். விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் எந்த உரிமையை, எந்தச் சந்தர்ப்பத்தில் என்று எழுத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய தாளில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. இங்கேதான் கோத்தகிரித் தொலைபேசி வருகிறது. மொழிபெயர்ப்பு பிழை என்று மட்டும் சொன்னால் "சின்னத் தவறு" என்று தட்டிவிடுவார்கள். அந்தப் பிழையால் சொந்த அக்காவின் பிள்ளைகள் முன்னால் அவர் பொய் சொன்னவராக நிற்கிறார் என்று காட்டினால் அது மதிப்பைத் தொட்ட விஷயம். அக்கா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகளை அழித்துவிடாதீர்கள், தேதி தெரியும்படி இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். ஒளிபரப்பான படத்தின் பிரதியையும் அப்படியே, யூடியூப்பில் போட்ட பிறகு மாற்றிவிட்டால் பழைய வரிக்குச் சாட்சி உங்களிடம்தான் இருக்கும்.

சரி, கைநாட்டு வைத்த தாள். கைநாட்டு வைத்தவர் வாசிக்கவில்லை என்பது மட்டும் போதாது. நம்முடைய ஒப்பந்தச் சட்டம் ரோமன் டச்சுச் சட்டம், அதில் கையெழுத்து ஆளைக் கட்டும். தாள் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்றும் தனியார் ஒப்பந்தத்துக்கு விதி இல்லை. ஆனால் கெமராவோடு வந்த பையன் "வந்ததுக்கு ஒரு அடையாளத்துக்குத்தான் அம்மா" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பொய்யாக விளக்கிக் கைநாட்டு வாங்கியிருந்தால் அந்த ஒப்பந்தத்தையே செல்லாதாக்கக் கேட்கலாம். அந்தச் சொல்லைக் கூட இருந்து கேட்டவர்கள் யார் என்று இன்றே எழுதி வையுங்கள். இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது: தாளின் அடியில் நிறுவனத்தின் கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருக்கிறது. 16ஆம் பிரிவின்படி உரிமையைக் கைமாற்றுவது எழுத்தில், இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு இருக்க வேண்டும், வெளிப்படையாகச் சொல்லாத உரிமை கைமாறியதாகக் கொள்ளவும் முடியாது. அந்தத் தாளில் இருப்பது "பேட்டிப் பதிவு" மட்டும்தான். பாட்டு இல்லை, போட்டோ இல்லை.

பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பேட்டிக்கு நடுவில் தேத்தண்ணி வரும்வரை அம்மாயி தனக்குள் பாடிக்கொண்டிருந்தார், சட்டையில் குத்திய மைக் ஓடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது என்கிறீர்கள். இது பெரிய வித்தியாசம். படத்துக்காகப் பாடச் சம்மதித்துப் பாடியிருந்தால் பாடகருக்கான உரிமையை வைத்து அதிகம் பேச முடியாது. தெரியாமல் பதிந்தது வேறு, 17ஆம் பிரிவின்படி பாடுகிறவரின் அனுமதியில்லாமல் பதிவதே உரிமை மீறல். அப்புறம், அது அவருடைய அம்மாவிடமிருந்து வந்த ஒப்பாரி, யாரும் எழுதிவைத்ததல்ல. நாட்டார் கலைக்கென்று சட்டத்தில் தனியாக 24ஆம் பிரிவு இருக்கிறது. அப்படியான ஒன்றைப் பொதுமக்களுக்குக் கொண்டுபோகும்போது அது எந்தச் சமூகத்திலிருந்து, எந்த இடத்திலிருந்து வந்தது என்று குறிப்பிட வேண்டும். படத்தின் கடைசியில் இசையமைப்பாளர் பெயர் பெரிதாக வருகிறது. அந்த ஒப்பாரி மலையகத் தோட்டத்து ஒப்பாரி என்று ஒரு வரி இல்லை. எனக்கு இதுதான் அதிகம் வலித்தது. ஒரு சமூகத்தின் வேதனையைப் படம் எடுக்கிறவர்கள், அந்தச் சமூகத்தின் குரலை யாருடையது என்று சொல்லாமல் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?

போட்டோ இரண்டு விஷயம். அட்டையில் ஒட்டிய அந்த அசல் படம் ஒரு பொருள், அது அம்மாயியின் சொத்து. ஹட்டன் ஸ்டூடியோவில் 1972இல், அக்கா கிளம்புவதற்கு முந்தின வாரம், அக்கா நிற்க அம்மாயி முக்காலியில் உட்கார்ந்து எடுத்தது, பின்பக்கம் அக்கா கையாலேயே பென்சிலில் திகதி எழுதியது. இரவல் வாங்கியவர் திருப்பித் தர வேண்டும், அதற்குப் புலமைச் சொத்துச் சட்டம்கூடத் தேவையில்லை. அதிலுள்ள பதிப்புரிமை ஸ்டூடியோக்காரருக்கா எடுக்கச் சொன்னவருக்கா என்பது பழைய சட்டங்களுக்குள் இழுபடும் வாதம், உங்கள் கடிதத்தை அதில் தொங்கவிடாதீர்கள். ஆவணப்படத்தில் அந்தப் போட்டோவின் கீழே "தோட்டத் தொழிலாளர்கள், 1950கள்" என்று பிழையாகப் போட்டதைத் திருத்தக் கேளுங்கள், அது போதும்.

அவதூறு வழக்கு வேண்டாம். குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டது, சிவில் வழக்கு இருக்கிறது, ஆனால் இந்த விஷயத்துக்கு அது பொருந்தி வராது. தனியார் தொலைக்காட்சி என்பதால் அடிப்படை உரிமை மனுவும் இல்லை.

மாமாவின் பயத்தை நான் சின்னதாக எடுக்கவில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2020இல் மன்னாரைச் சேர்ந்த ஓர் இளம் கவிஞர் தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காகக் கைதானார், பிணையில் வெளியே வர ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது, 2023இல்தான் விடுதலையானார். அதைப் பார்த்த சமூகத்துக்குப் பயம் வராமல் இருக்குமா? ஆனால் மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்: தன் குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்வது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் பேச்சுச் சுதந்திரத்துக்குள் வருவது. ICCPR சட்டம் என்கிற 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் தடுப்பது வெறுப்பைத் தூண்டிப் பகையையும் வன்முறையையும் கிளப்புவதை, 84 வயது அம்மா தன் அக்காவை நினைத்து அழுவதை அல்ல. குடியுரிமை பறிபோனது சட்டப் புத்தகத்திலேயே இருக்கும் வரலாறு, அதைச் சரிசெய்யவென்று 2003இல் நாடாளுமன்றமே 35ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. இங்கே நீங்கள் அரசோடு மோதவும் இல்லை, ஒரு கம்பனியிடம் உங்கள் சொல்லைத் திருப்பிக் கேட்கிறீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது. உரிமை அம்மாயியுடையது, பேத்தி தன் பெயரில் கேட்க முடியாது. அதனால் ஒரு நொத்தாரிசிடம் போய் அம்மாயி உங்களுக்கு அற்றோர்ணித் தத்துவம், அதாவது தன் சார்பில் நடக்கும் அதிகாரம், எழுதித் தரட்டும், நடக்க முடியாவிட்டால் நொத்தாரிசை வீட்டுக்கு அழையுங்கள். அடுத்து, தயாரிப்பு நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம், தொலைக்காட்சிக்கு ஒரு பிரதி, மறு ஒளிபரப்புக்கு முன்னால் போய்ச் சேரும்படி. கேட்க வேண்டியவை: மொழிபெயர்ப்பு வரியைத் திருத்து, பெயரைப் போடு, ஒப்பாரி எந்த ஊர் எந்தச் சமூகத்துடையது என்று போடு, போட்டோவின் அசலைத் திருப்பித் தா. பதினான்கு நாள் கொடுங்கள். மூன்று மணி நேரப் பதிவின் முழுப் பிரதியையும் கேளுங்கள். அதைத் தரச் சட்டக் கட்டாயம் இல்லைதான், ஆனால் சமாதானப் பேச்சில் இதை நான் முதலாவதாக வைப்பேன், ஏனென்றால் அந்த மூன்று மணி நேரம் உங்கள் குடும்பத்துக்கு வேறெங்கும் கிடைக்காது.

பதில் வராவிட்டால் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பணிப்பாளர் நாயகத்திடம் விசாரணை கேட்கலாம், அல்லது புதுக்கடையில் வணிக மேல் நீதிமன்றத்தில் திருத்தாமல் மறு ஒளிபரப்புச் செய்யக்கூடாது என்று இடைக்காலத் தடை கேட்கலாம். இரண்டாவதற்குச் செலவு வரும். வருமானம் குறைவென்றால் புதுக்கடையிலேயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அடையாள அட்டையும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு போங்கள். நட்டஈடு கேட்கும் எண்ணம் இருந்தால் இரண்டு வருடத்துக்குள் வழக்கு வைத்துவிட வேண்டும், ஒளிபரப்பான திகதியிலிருந்து எண்ணுங்கள்.

கடிதத்துக்கும் முன்னால், இந்த வாரமே, ஒரு சமாதான நீதவான் முன்னால் அம்மாயியின் சத்தியக் கடதாசியைத் தமிழில் எழுதி முடித்துவிடுங்கள். வயதை நினைத்துத்தான் அவசரப்படுத்துகிறேன். எழுதுகிறவர் நல்ல தமிழாக்குகிறேன் என்று அவர் பேச்சைத் திருத்தப் பார்ப்பார், விடாதீர்கள். "அக்கா போறேன்னு சொல்லல, மச்சான் பேரைப் பதிஞ்சாரு" என்பது அவர் வாயில் வந்தபடியே அதில் இருக்கட்டும். எழுதி முடித்ததும் அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், அவர் "ஆமா, இதைத்தான் சொன்னேன்" என்ற பிறகு கைநாட்டு வைக்கட்டும்.