குடம்புளி கேப்சூல் சாப்பிட்டால் எடை குறையுமா?

கேள்வி: எனக்கு 42 வயது, 78 கிலோ எடை. சர்க்கரைக்கு இரண்டு வகை மாத்திரை சாப்பிடுகிறேன். குடம்புளிச் சாறு கேப்சூலில் மாதம் 5 கிலோ குறையும் என்று தெரிந்தவர் ஒருவர் விற்கிறார். மீன்குழம்பில் போடும் புளிதானே, பயமில்லை என்கிறார். வாங்கலாமா? புளியையே கொதிக்கவைத்துக் குடித்தால் போதுமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: இரண்டும் வேண்டாம்.

மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்ற ஒரு நொதி தேவை. குடம்புளித் தோலில் உள்ள ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம் அந்த நொதியைத் தடுக்கிறது. எலிகளுக்கு இது பலித்தது. நம் உடலில் மாவுச்சத்து கொழுப்பாக மாறுவதே குறைவு. சேரும் கொழுப்பில் பெரும்பகுதி சாப்பிட்ட எண்ணெய், நெய்யிலிருந்து வருவது.

1998-இல் வெளியான நியூயார்க் ஆய்வில் 135 பேருக்கு 12 வாரம் 1,200 கலோரி உணவு. ஒரு பிரிவுக்குத் தினம் 1,500 மி.கி. இந்த அமிலம், மற்றதற்கு மருந்தில்லாத மாத்திரை. அமிலம் சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள், வெறும் மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ. எடையைக் குறைத்தது சாப்பாடுதான். லேபிளில் ‘500 மி.கி. சாறு, 60%’ என்றிருந்தால் அமிலம் 300 மி.கி. மட்டுமே. பலிக்காத அந்த அளவை எட்டவே தினம் ஐந்து கேப்சூல் விழுங்க வேண்டும்.

மாதம் 5 கிலோ நிஜமாகவே இறங்கினால்தான் கூடுதலாகப் பயப்பட வேண்டும். ‘மூலிகை’ என்று விற்கும் எடைக்குறைப்பு மாத்திரைகளில் சிபுட்ரமின் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 2010-இல் விலக்கப்பட்ட மருந்து அது. கலப்படமே இல்லாவிட்டாலும், குடம்புளிச் சாறு கலந்த மாத்திரைகளால் கல்லீரல் கெட்டு, மாற்று அறுவை சிகிச்சை வரை போனவர்கள் உண்டு. ஏற்கெனவே சாப்பிட்டிருந்து கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போனாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ உடனே நிறுத்திவிட்டு, கேப்சூல் டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள்.

குழம்புக்குப் பயமில்லை. அரை கிலோ மீனுக்கு இரண்டு மூன்று சுளையைக் கழுவி வெந்நீரில் ஊறவைத்து, மண்சட்டியில் போடுங்கள். அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும். கஷாயமாக வெறும் வயிற்றில் குடித்தால் நெஞ்செரிச்சலும் பல் கூச்சமும்தான் மிஞ்சும்.

உங்களுக்கு 4 கிலோ குறைந்தாலே சர்க்கரையில் வித்தியாசம் தெரியும். மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். கிளிமிபிரைடு இருந்தால், அதுவே எடையைக் கூட்டக்கூடியது. எடை ஏற்றாத வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.