கேள்வி – பதில்: வெரஹெரவில் தொடங்கிய ‘ஜேர்மன் டெக்’

கேள்வி: சாதாரண தரம் முடித்த என் மகன் ‘ஜேர்மன் டெக்’கில் சேர வேண்டும் என்று நிற்கிறான். அது ஜேர்மன்காரர் நடத்தும் பள்ளியா? இலங்கைக்கு அது எப்படி வந்தது?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: இல்லை அம்மா, அது இலங்கை அரசின் நிறுவனம். இலங்கை – ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் என்ற முழுப் பெயரை அங்கே படித்தவர்கள்கூட அதிகம் சொல்வதில்லை.

அதன் கதை பஸ்ஸில் தொடங்குகிறது. 1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பெனிகள் அரசுடைமையாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. பல கம்பெனிகளிடமிருந்து வந்து சேர்ந்த வண்டிகளை ஒரே சபை ஓட்ட வேண்டியிருந்தபோது, அவற்றைப் பழுதுபார்க்கும் கைகள் எங்கே என்ற கேள்வியும் உடனே எழுந்தது. அன்றைய மெக்கானிக், ஒரு பாஸிடம் எடுபிடியாக நின்று, அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துத் தொழில் பழகியவர். கெட்டிக்காரர்கள் பலர் அப்படி உருவானார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் நாடு முழுவதும் டிப்போக்களை வைத்திருக்கும் ஒரு சபைக்கு, ஒரே அளவுகோலில் பயிற்றப்பட்டவர்கள் தேவைப்பட்டார்கள். அதற்காகவே அன்றைய மேற்கு ஜேர்மனியின் உதவியோடு 1959இல் கொழும்புக்கு அருகே வெரஹெரவில் இந்தப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னர் அது காலி வீதிக்கு, கல்கிசைக்கும் மொறட்டுவைக்கும் இடைப்பட்ட பகுதிக்கு மாறியது. வாகனத் திருத்தத்தோடு வெல்டிங், மின்சாரம், இயந்திரக் கருவிகள், குளிரூட்டல் என்று பிரிவுகளும் பெருகின.

பள்ளி தொடங்கிய 1959 என்ற அந்த ஆண்டைச் சற்றுக் கவனியுங்கள். அபிவிருத்தி உதவிக்கென்று மேற்கு ஜேர்மனி ஒரு தனி அமைச்சை ஏற்படுத்தியது 1961இல்தான், ஜி.டி.இசட். என்று நாம் அறிந்த அதன் தொழில்நுட்ப உதவி நிறுவனம் பிறந்தது 1975இல். அந்த நாடு வெளிநாட்டு உதவி என்பதையே பழகிக்கொண்டிருந்த காலத்துப் பள்ளி இது.

கேள்வி: வெளிநாட்டு உதவியை நம்பி ஒரு தொழிற்பள்ளியை நடத்தலாமா? அரசியல் மாறினால் கதவு மூடிவிடாதா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: உங்கள் ஐயத்திற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. கிழக்கு ஜேர்மனியை அங்கீகரிக்கும் நாடுகளோடு உறவை முறித்துக்கொள்வது அக்காலத்தில் மேற்கு ஜேர்மனியின் கொள்கையாக இருந்தது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு கொழும்பில் கிழக்கு ஜேர்மனி தலைமைத் துணைத் தூதரகம் ஒன்றை அமைக்க இடம்கொடுத்தது. அது முழு அங்கீகாரம்கூட அல்ல. ஆயினும் மேற்கு ஜேர்மனி இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. 1965 தேர்தலில் டட்லி சேனநாயக்க ஆட்சிக்கு வந்த பின்னரே அது மீண்டும் கிடைத்தது.

அப்படியும் பள்ளி நிலைத்ததற்கு நான் காணும் காரணம் எளிது. உதவி கொடுத்தவருக்கு இருந்த ஆர்வத்தைவிட, பெற்றவருக்கு இருந்த தேவை பெரியது: நாள்தோறும் பஸ் ஓட வேண்டும், ஓடும் பஸ் பழுதாகும். அத்தோடு ஜேர்மன் நிபுணரின் பக்கத்திலேயே நின்று பழகிய உள்ளூர்ப் போதனாசிரியர்கள், அவர் விமானம் ஏறிய பிறகும் பட்டறையிலேயே இருந்தார்கள். அன்பளிப்பாக வந்த இயந்திரம் உதிரிப்பாகம் இல்லாமல் மூலையில் துருப்பிடிப்பதை நாம் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறோம். பயிற்றப்பட்ட ஆசிரியருக்கு அந்தக் கதி இல்லை, அவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தால்!

கேள்வி: ‘ஜேர்மன் முறை’ என்கிறார்களே, அதில் அப்படி என்னதான் வித்தியாசம்?
– வாசகர், வவுனியா

பதில்: அதை இரட்டைமுறைப் பயிற்சி என்பார்கள். பயிலுநர் வாரத்தின் சில நாட்களைத் தொழிலகத்திலும் சில நாட்களைத் தொழிற்பள்ளியிலும் கழிப்பார். மியூனிக் நகரின் கல்வி அதிகாரியாக இருந்த கேயோர்க் கெர்ஷன்ஸ்டைனர், 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நகரின் தொடர்கல்விப் பள்ளிகளைத் தொழில் வாரியாக மாற்றியமைத்தது இதற்கு வழிகோலியது. 1969இல் மேற்கு ஜேர்மனி இதற்கென்று தனிச் சட்டமே இயற்றியது.

பட்டறைக்குள் அந்த முறை அரத்தில் தொடங்கும். இயந்திரத்தைத் தொடுவதற்கு முன், பயிலுநர் ஓர் இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, வாரக்கணக்கில் கையாலேயே அராவ வேண்டும். அராவிய முகத்தில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், மேடு பள்ளம் இருக்கும் இடத்தில் ஒரு மெல்லிய ஒளிக்கோடு கசியும். அது மறையும் வரை மறுபடியும் வைஸ், மறுபடியும் அரம். கொப்பளித்த உள்ளங்கையோடு வீடு வரும் பிள்ளையைப் பார்த்து, “இதற்குத்தானா இவ்வளவு தூரம் போனாய்?” என்று தாய்மார் கேட்பது இயல்புதான். ஆனால் மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்பது கைக்குத் தெரிய வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: கிளிநொச்சியில் இருப்பது அதன் கிளையா?
– வாசகர், பரந்தன்

பதில்: கிளையல்ல, தனி நிறுவனம். போருக்குப் பின், ஜேர்மன் அரசின் நிதியுதவியோடு அறிவியல் நகரில் கட்டப்பட்டு 2016இல் திறக்கப்பட்ட இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகம் அது. வாகன மற்றும் விவசாய இயந்திரவியல், கட்டடம், மின்சாரம், உணவுத் தொழில்நுட்பம், தகவல் தொழில்நுட்பம், இயந்திரவியல் ஆகிய துறைகள் அங்கே உண்டு. தேசிய தொழில் தகைமையின் ஏழு மட்டங்களில் நான்காவது வரை கைத்தொழிலாளருக்கு உரியவை. ஐந்தும் ஆறும் டிப்ளோமாவுக்கு உரியவை. காலி வீதியில் பெற்றாலும் அறிவியல் நகரில் பெற்றாலும் சான்றிதழின் மட்டம் ஒன்றே. முதற்கேள்வி கேட்ட யாழ்ப்பாணத்து அம்மா, கொழும்பில் மகனுக்கு அறை தேடுவதற்கு முன்னர், ஏ–9 வீதியில் ஒருமுறை இறங்கி விசாரித்துவிட்டுப் போகலாம்.