பேஸ் கிட்டார் கேபினெட்டை (ஸ்பீக்கர் பெட்டியை) ரெக்கார்ட் செய்ய எந்த மைக் நல்லது? கையில் எஸ்எம்57 மட்டும் இருக்கிறது, கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) மைக் வாங்கியே ஆகவேண்டுமா?

வேண்டாம், அவசரப்படாதீர்கள். கிக் மைக்கை வாங்கிவிட்டுப் பிறகு யோசித்தவன் நான்.

நான் போட்ட கணக்கு இதுதான். பேஸின் தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. எஸ்எம்57 அட்டையில் 40 ஹெர்ட்ஸ் முதல் என்று போட்டிருந்தாலும், வரைபடத்தைப் பார்த்தால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே கோடு சரியத் தொடங்கிவிடுகிறது. கிக் மைக்கிலோ 20 ஹெர்ட்ஸ் வரை எடுக்கும் என்று போட்டிருக்கிறார்கள். அப்புறம் என்ன, வாங்கியாயிற்று.

தனியாகக் கேட்டால் மலை மாதிரி இருந்தது. டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்ததும் பேஸைக் காணோம்! காரணம் பிறகுதான் புரிந்தது. கிக் டிரம்முக்குக் கீழே ஒரு ‘தொம்’மும் மேலே ஒரு ‘டிக்’கும் இருந்தால் போதும். நடுவில், சுமார் 300-500 ஹெர்ட்ஸில் வரும் அட்டைப்பெட்டிச் சத்தம் யாருக்கும் பிடிக்காது. அதனால் அந்த இடத்தைக் குழித்தே பல கிக் மைக்குகளைச் செய்கிறார்கள். ஆனால் பேஸ் கிட்டாரின் உறுமல் பாதிக்கு மேல் அந்தக் குழிக்குள்தான் இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது, ஆனாலும் பேஸ் என்ன நோட் வாசிக்கிறது என்று நமக்குத் தெரிகிறது அல்லவா? 82, 123, 164 என்று மேலே வரும் அதிர்வுகளை வைத்துக் காது தானே ஊகித்துக்கொள்கிறது. அந்தப் பகுதியைச் சுத்தமாகப் பிடிப்பதுதான் மைக்கின் முதல் வேலை.

இன்னொன்று, கேபினெட்டே அவ்வளவு கீழே போகாது. மேடைகளில் ஃபிரிட்ஜ் மாதிரி நிற்கும் ஆம்பெக் எட்டு ஸ்பீக்கர் கேபினெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எஸ்விடி-810இ மாடலின் விவரத்தாளிலேயே 58 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறைந்துவிடுகிறது. பெட்டியிலிருந்து வராததை 20 ஹெர்ட்ஸ் மைக் வைத்து எப்படிப் பிடிப்பது?

அந்த ஆழம் வேண்டுமென்றால், கிட்டாரின் மின்சிக்னலை மைக் இல்லாமலே ரெக்கார்டருக்கு அனுப்பும் டி.ஐ. பாக்ஸ் வழியாக நேராக எடுக்கவேண்டும். 1960-களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸே பெரும்பாலும் மைக் இல்லாமல் நேரடியாக மிக்ஸிங் மேசைக்குள் போனதுதான். என் முறை: அடித்தளம் டி.ஐ.-யிலிருந்து, குணம் கேபினெட்டிலிருந்து. இரண்டையும் தனித்தனி டிராக்கில் எடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மைக்கை ஸ்பீக்கரிலிருந்து ஓரடி தள்ளி வைத்தால் அதன் ஒலி டி.ஐ.-யைவிட ஏறக்குறைய 0.9 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். இரண்டையும் சம அளவில் கலந்தால் 570 ஹெர்ட்ஸ் அருகே ஒன்றையொன்று தின்றுவிடும். பேஸ் மெலிந்துபோனதற்கு நாம் மைக்கைத் திட்டிக்கொண்டிருப்போம். மைக் டிராக்கின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, முதல் மேடு டி.ஐ.-யோடு பொருந்தும்வரை முன்னால் இழுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் ரெக்கார்டிங்கில் அது சுமார் 42-43 சாம்பிள் (நொடிக்கு 48,000 என்று ஒலியை வெட்டும் துண்டுகள்) வரும். பிறகு அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனைத் தட்டிப் பார்த்து, எது தடிமனாகக் கேட்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் எஸ்எம்57. ஒரு பக்கம் மட்டும் கேட்கும் மைக்குகளில் பெரும்பாலானவற்றில், மூலத்துக்கு நெருங்க நெருங்கக் கீழ்ப்பகுதி பெருகும். ஸ்பீக்கரை மூடியிருக்கும் வலைத்துணியிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரத்தில் வைத்தால், அந்த 200 ஹெர்ட்ஸ் சரிவு பெருமளவு நிரம்பிவிடும். போன் டார்ச்சைத் துணிமேல் அடித்தால் ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) எங்கே இருக்கிறது என்று தெரியும். நடுவில் இருக்கும் மூடிக்கு நேராக வைத்தால் விரல் உரசல் கூர்மையாக வரும், ஓரத்துக்குப் போனால் மழுங்கும். அரை அங்குலம் நகர்த்தினாலே வேறு மைக் வாங்கியதுபோல் இருக்கும், செலவும் இல்லை. நான் மூடிக்கும் ஓரத்துக்கும் நடுவில் தொடங்குவேன். கேபினெட்டில் டிவீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) இருந்தால் அணைத்துவிடுங்கள். கிட்டே வைத்த மைக்கில் அது பெரும்பாலும் இரைச்சல்தான்.

அறையையும் சந்தேகப்படுங்கள். என் அறை பத்தடிக்குப் பத்தடி. அந்த அளவில் எதிரெதிர்ச் சுவர்கள் 56 ஹெர்ட்ஸ் அருகே சேர்ந்து முழங்கும். ஏ கம்பியைச் சும்மா மீட்டினால் 55! அந்த ஒரு நோட் மட்டும் ஊதிக்கொண்டு நின்றதை மைக்கின் குறை என்று வெகுநாள் நம்பினேன். பதிந்ததை ஹெட்போனில் கேட்டபோது பாதி ஊதல் இல்லை. அது நான் நின்ற இடத்தின் சத்தம். கேபினெட்டை மூலையிலிருந்து வெளியே இழுத்ததும் மீதியும் அடங்கிவிட்டது. (ஃபேனை நிறுத்த மறக்காதீர்கள். வியர்க்கும், வேறு வழியில்லை.)

இதற்குப் பிறகும் வாங்கியே தீருவேன் என்றால், சென்ஹைசர் எம்டி 421 என் முதல் தேர்வு. நடுப்பகுதி திடமாக இருக்கும், கீழே 30 ஹெர்ட்ஸ் வரை போகும். வாங்கியதும் அதிலுள்ள திருகு வளையம் ‘எம்’ பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘எஸ்’ பக்கம் திருப்பினால் பேச்சுக்காகக் கீழ்ப்பகுதியை வெட்டிவிடும். எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20 இன்னும் நிதானமானது. கிட்டே வைத்தாலும் தள்ளி வைத்தாலும் கீழ்ப்பகுதி அவ்வளவாக மாறாது. கொஞ்சம் தள்ளி வைத்துப் பெட்டி முழுவதையும் கேட்க ஆசைப்படுபவர்களுக்கு அதுதான். நியூமன் யூ47 ஃபெட் பற்றிக் கேட்கவே வேண்டாம், அந்தக் காசுக்கு இன்னொரு கேபினெட்டே வாங்கலாம்.

நண்பரிடம் பழைய ரிப்பன் மைக் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள், பேஸுக்கு அழகாக இருக்கும். ஆனால் கேபினெட்டின் காற்றுத் துளைக்கு முன்னால் மட்டும் வைத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது சிகரெட் டப்பாத் தாளைவிட மெல்லிய அலுமினியப் பட்டை, ஒரே ஊதலில் தொங்கிவிடும்.