ஆட்களைக் கூட்டமாகச் சுட்டுக் கொல்வது முன்பைவிட இப்போது கூடிவிட்டதா? உலகம் முன்பு இப்படி இருக்கவில்லை. பிள்ளையை வெளியே படிக்க அனுப்பவே பயமாக இருக்கிறது.

கேட்கிற விதத்தைப் பார்த்தால் பிள்ளையை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பப் போகிறீர்கள் போல. அமெரிக்காவைப் பற்றித்தான் என்றால், ஓம், கூடித்தான் இருக்கிறது. கன் வயலன்ஸ் ஆர்கைவ் என்ற அமைப்பு, சுட்டவனைத் தவிர 4 பேருக்குத் துவக்கு வெடி பட்டாலே கணக்கில் எடுக்கும். அந்தக் கணக்கு 2014இல் 300க்குக் கீழே. 2021இல் 600ஐத் தாண்டியது. 2024இல் 500 அளவுக்கு இறங்கியது. பொது இடத்தில் 4 பேராவது செத்தால்தான் சேர்ப்போம் என்பவர்களின் பட்டியல் மிகச் சின்னது. ஆனாலும் ஆகக் கூடுதலான உயிர்கள் போன ஐந்து சம்பவங்களும் 2007இலும் அதற்குப் பிறகும் நடந்தவை. 2017இல் லாஸ் வேகாஸில் மட்டும் 60 பேர்.

ஆனால் "உலகம் முன்பு இப்படி இருக்கவில்லை" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக என்னால் முடியவில்லை.

நான் இலங்கையில், மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைப் பக்கம். 1991 ஜூன் 12, குண்டுவெடித்து இரண்டு ஆமிக்காரர் செத்ததும், மற்ற ஆமிக்காரர் மகிழடித்தீவு என்ற ஊருக்குள் இறங்கிச் சனத்தைச் சுட்டார்கள். அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு வேலிக்கரையில் கிடந்திருக்கிறா. பெரியப்பா திரும்பி வரவில்லை. செத்தது 67 பேர் என்றது அரசாங்கம் வைத்த விசாரணை ஆணைக்குழு. ஊர் 152 என்கிறது. பெரியப்பா எந்தக் கணக்கில் நிற்கிறார் என்று பெரியம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

"காத்தான்குடியை ஏன் விட்டாய்" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். விடவில்லை. 1990 ஆகஸ்ட் 3, மட்டக்களப்புப் பக்கம் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியில், பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள், சுட்டது. அதுவும் இப்படியான பட்டியல்களில் வராது. சீருடைக்காரன் சுட்டாலும் இயக்கக்காரன் சுட்டாலும் யுத்தம் என்று தனியே ஒதுக்கிவிடுகிறார்கள். தனியொருவன் சுட்டதை மட்டும் எண்ணிவிட்டு இந்தக் காலம்தான் கெட்டது என்றால், எங்கட சனத்தை எங்கே வைப்பது?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். மரணச் சான்றிதழுக்குப் பெரியம்மா அலைந்தபோது ஒரு கந்தோரில் "பிரேதத்தைக் கண்ட சாட்சி ஆர்?" என்று கேட்டு, "மறுகா வாங்க" என்றே திருப்பி அனுப்பினார்கள். நட்டஈட்டுக் காசுக்கு அலைகிறா என்று சொந்தக்காரரே பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிள்ளையை அனுப்புங்கள். அங்கே துவக்கால் போகிற உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. இப்படிக் கூட்டத்தில் சுடப்பட்டுச் சாகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வராது. துவக்குச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல்கலைக்கழகம் தெரிவு செய்யும்போது அதையும் விசாரியுங்கள்.