தோட்டப் பாடசாலை நூலகத்துக்காக மூன்று நாள் மலைநடை: கேட்டதும் சொன்னதும்

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு நூலகம் அமைக்க, 30 பேர் மூன்று நாள் நடந்து நிதி திரட்டப் போகிறார்கள். முதல் நாள் தம்பேத்தென்ன தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் காட்சிமுனை வரை ஏறி இறங்குவது. இரண்டாம் நாள் அடிஷாம் மடத்திலிருந்து தங்கமலைக் காட்டு வழியாக இதல்கஸ்ஹின்ன. மூன்றாம் நாள் ஹோர்ட்டன் சமவெளி. மலையில் குழுக்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டி ஒருவரிடம் உறுப்பினர்கள் கேட்டவை இவை.

பண்டாரவளை, ஆசிரியை: ஜனவரி கடைசியில் வைத்திருக்கிறோம். ஹட்டன் பக்கம் அப்போது நல்ல வெயில்தானே?

ஹட்டனில் வெயில்தான் டீச்சர். ஆனால் நீங்கள் நடக்கப்போவது ஊவாப் பக்கம். ஹட்டன் இருக்கிற மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கத்துக்கு டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகீழ்ப் பருவமழை. அப்புத்தளை முகட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் இரண்டு பக்கத்து மேகமும் வந்துபோகும். பெப்ரவரி நடுவுக்கும் மார்ச் நடுவுக்கும் இடையில் ஒரு வார இறுதியைப் பிடியுங்கள். அதற்குப் பிறகு பின்னேர இடிமழை தொடங்கிவிடும்.

தலவாக்கலை, வங்கி ஊழியர்: கிலோமீட்டருக்கு 100 ரூபா என்று ஆட்களிடம் வாக்கு வாங்கலாம் என்று நினைக்கிறோம். சரியா அண்ணே?

வேண்டாம் தம்பி. கணக்கைப் பாருங்கள். 30 பேர், 40 கி.மீ., 100 ரூபா. மொத்தம் 1,20,000. இரண்டாம் நாள் மழை வந்து 21 கி.மீ. இல் நிறுத்தினால் 57,000 ரூபா போய்விடும். அந்த நேரம் வழிகாட்டி "திரும்புவோம்" என்று சொன்னால் குழுவில் யாராவது ஒருவர் "பிள்ளைகளின் புத்தகக் காசு போகுதே" என்பார். அதற்குப் பிறகு திரும்ப யாருக்கும் வாய் வராது. தர்மத்துக்கு நடக்கிற நடைகள் அதிகம் சிக்குவது இந்த இடத்தில்தான். பாதை நல்ல பாதையாகவே இருந்தாலும் நிறுத்த முடியாமல் போய்விடும்.

அதனால் ஆளுக்கு இவ்வளவு என்று முழுத்தொகையாகக் கேளுங்கள், நடை தொடங்க முன்பே கட்டச் சொல்லுங்கள். "காலநிலையால் தூரம் குறைந்தாலும் நன்கொடை மாறாது" என்ற வரியைத் துண்டுப்பிரசுரத்திலேயே போடுங்கள். வழிகாட்டி, வான், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் நடப்பவர்களின் சொந்தக் காசில் தனிக் கணக்காக ஓட வேண்டும், நன்கொடையில் கை வைக்கக்கூடாது. பணம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கு நேராகப் போகட்டும். இரண்டு பேர் கையொப்பம், தொடர் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு, முடிந்த ஒரு மாதத்துக்குள் வரவு செலவை அறிவித்தல் பலகையில் ஒட்டுதல். வங்கியில் இருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புத்தளை, கடைக்காரர்: லிப்டன் சீட் 7 கி.மீ. தானே, காலையில் ஆறுதலாகப் புறப்பட்டால் என்ன?

போக 7, வர 7. குழுவின் வேகம் கடைசி ஆளின் வேகம்தான். 30 பேருக்கு மணிக்கு 3 கி.மீ. என்று வையுங்கள், ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் ஒரு மணித்தியாலம் கூட்டுங்கள். 14 கி.மீ. தூரம், 450 மீற்றர் ஏற்றம் என்றால் 4 மணி 40 நிமிடமும் 45 நிமிடமும். அதோடு மணிக்குப் பத்து நிமிட ஓய்வு, சாப்பாட்டுக்கு அரை மணி. ஏறத்தாழ ஏழு மணித்தியாலம். 6.30க்குப் புறப்பட்டால் ஒன்றரைக்கு முடிப்பீர்கள். 9 மணிக்குப் புறப்பட்டால் மலை உச்சியில் பனிமூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள், இறங்கும்போது மழை. உங்கள் கடையை அன்றைக்கு மட்டும் தம்பியிடம் விடுங்கள்.

ஹட்டன், தோட்ட உத்தியோகத்தர்: தோட்டத்துக்குள் நடக்க அனுமதி வேண்டுமா?

வேண்டும். தோட்ட நிர்வாகத்துக்கு இரண்டு வாரம் முன்பே கடிதம்: தேதி, ஆட்தொகை, எந்த டிவிசன் வழியாக, எத்தனை மணிக்கு. மருந்தடிக்கிற தேயிலை மலை எது, கவ்வாத்து (செடியை வெட்டிவிடுதல்) நடக்கிற மலை எது என்று அப்போதே கேட்டுவிடுங்கள். கொழுந்து நிறுக்கிற நேரம் 30 பேர் பாதையை மறித்து நின்றால் பெண்களின் வேலைதான் கெடும். குறுக்குப் பாதையில் தேயிலைக்குள் இறங்கவே கூடாது. புல் மூடிய வடிகானுக்குள் கால் போனால் கணுக்கால் முறியும். காட்டு வழி தோட்டத்தின் கையில் இல்லை, அதற்குப் பொறுப்பான அரச அதிகாரிகளிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

பதுளை, மாணவன்: இரண்டாம் நாள் ரயில் பாதையில் நடந்தால் கிட்டவாமே?

கிட்டத்தான். சட்டப்படி குற்றமும்தான். வளைவிலும் சுரங்கத்திலும் ஒதுங்க இடமில்லை. வேண்டாம்.

நுவரெலியா, குடும்பத்தலைவி: அட்டைக்கு என்ன செய்வது? உப்புப் பொட்டலம் கொண்டு போகவா?

உப்பு முதல் மழையிலேயே கரைந்துவிடும் அக்கா. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வருகிற அட்டை மேசு (காலுறை) தைத்துப் போடுங்கள், காற்சட்டையை அதற்குள் செருகுங்கள். மேசின் வெளிப்பக்கம் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்தால் ஓரளவு தடுக்கும். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், மெலிந்த முனைப்பக்கம் நகத்தைச் சறுக்கவிட்டுத் தள்ளுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது. உறையவிடாத பொருளை அட்டை விட்டுப்போவதால் அப்படி. கழுவி, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினால் போதும்.

மஸ்கெலியா, தொழிற்சங்கக்காரர்: அட்டை கிடக்கட்டும், குளவியைச் சொல்லுங்கள்.

சரியாகக் கேட்டீர்கள். சிறுத்தைக்குப் பயந்துகொண்டு வருகிற வெளியூர்க்காரர்கள் குளவியைக் கணக்கில் எடுப்பதில்லை. நாம் குளவி என்று சொல்வதில் பாறையிலும் உயர்ந்த மரத்திலும் பெரிய தட்டுக் கட்டுகிற மலைத்தேனீயும் அடங்கும். கலைந்தால் கூட்டமாகத்தான் வரும்.

முதல் வேலை, முந்தின நாள் அந்த மலையில் வேலை செய்கிற ஆட்களிடம் கூடு எங்கே என்று கேட்பது. கங்காணிக்கும் கொழுந்தெடுக்கிற அக்காமாருக்கும் தெரிந்த அளவு எந்த வரைபடத்துக்கும் தெரியாது. கூடு இருந்தால் பாதையை மாற்றுங்கள். வாசனைத் திரவியம், பட்டாசு, புகை, ட்ரோன் நான்கும் தடை. பருந்து தட்டைக் கொத்தினாலோ குரங்கு கிளையை உலுப்பினாலோ அவை கலையும், நீங்கள் ஒன்றும் செய்திருக்கத் தேவையில்லை.

வந்துவிட்டால் கையை வீசாதீர்கள். சாக்கையோ மழைக்கோட்டையோ தலையில் போட்டு முகத்தை மூடி ஓடுங்கள். கிட்டிய லயமோ (தொழிலாளர் வரிசை வீடு) வாகனமோ எதுவானாலும் உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். அசையாமல் படுத்தால் விட்டுவிடும் என்று நம்பாதீர்கள். தேனீயின் கொடுக்கு தோலில் நிற்கும், உடனே சுரண்டி எடுங்கள். நேரம் போகப்போக நஞ்சு உடம்புக்குள் இறங்கும். மூச்சு முட்டினால், உதடும் நாக்கும் வீங்கினால், மயக்கம் வந்தால், ஒரே கொட்டாக இருந்தாலும் 1990 சுவசரிய அம்புலன்சுக்கு அழையுங்கள். முன்பு ஒவ்வாமை வந்தவர்களின் பெயரைப் பதிவுப் படிவத்திலேயே கேட்டு எழுதுங்கள்.

ராகலை, இளைஞர் கழகம்: நடையை எப்போது நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

முடியும். எழுதி வைத்தே போங்கள், ஏனென்றால் நனைந்து நிற்கும்போது விவாதம் சரிவராது. 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. மழையைத் தாண்டினாலே மண்சரிவுக்கு முதல் மட்ட எச்சரிக்கை. 100க்கு இரண்டாவது. 150 ஆனாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வெளியிடுகிறது. உங்கள் பாதை எந்தெந்தப் பிரிவுகளில் போகிறது என்று எழுதி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் மட்டம் வந்தாலே சரிவுப் பாதையை விடுங்கள். 2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு பழைய பாதை என்று நம்பிப் போக வழியில்லை. ஒரு வாரத்துக்குள் யாராவது முழுதும் நடந்து பார்த்திருக்க வேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரமோ கம்பமோ, திடீரென்று கலங்கிய அல்லது வற்றிய ஊற்று கண்டால் அந்த இடத்தில் நிற்கவே வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

மின்னல் கண்டு இடி கேட்க 30 செக்கனுக்குக் குறைந்தால் முகட்டை விட்டு இறங்குங்கள். தனி மரத்தடி கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி பொறுக்க வேண்டும்.

வெலிமடை, மரக்கறித் தோட்டக்காரர்: ஒஹியவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு நடந்தே ஏறலாமா?

ஒஹிய ரயில் நிலையத்திலிருந்து, சமவெளிச் சுற்று நடை தொடங்குகிற ஃபார் இன் வரை 11 கி.மீ. அளவு, உள்ளே சுற்று இன்னொரு 9½. மூன்றாம் நாள் கால்களுக்கு அது கூட. வானில் ஏறி ஆறு மணிக்கு வாசலில் நில்லுங்கள். ஒன்பது பத்துக்குள் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பை மூட்டம் மூடிவிடும். பொலித்தீன் உள்ளே விடமாட்டார்கள், போத்தலின் மேலுறையைக்கூட வாசலில் கழற்றுவார்கள். ரொட்டியும் சம்பலும் டப்பாவில் வரட்டும்.

குளிரைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். நனைந்த டெனிம் காற்சட்டையும் காற்றும் சேர்ந்தால் போதும். நடுக்கம், வாய் குளறல், கால் தடுமாற்றம் மூன்றும் வரிசையாக வந்தால் ஆளை நிறுத்தி, ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்த போர்வையில் சுற்றி, சீனி கூட்டிய சூடான தேத்தண்ணி கொடுங்கள். சாராயம் உடம்பைச் சூடாக்குவதுபோல் காட்டி உள்சூட்டை வெளியே விடும்.

கொட்டகலை, பெற்றோர்: நடக்கும்போது லயத்துப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்துப் படம் எடுக்கலாமா?

கூடாது. பிள்ளைகளின் படத்தைப் போட அவர்களின் பெற்றோர் ஒப்ப வேண்டும். வரிசையில் நிற்கவைத்து பிஸ்கட் கொடுப்பது நம் பிள்ளைகளை நாமே கேவலப்படுத்துவது. தேத்தண்ணிக் கடையில் காசு கொடுத்துக் குடியுங்கள், பாதைக்குச் சமைக்க அந்தத் தோட்டத்து ஆட்களையே கூலிக்கு எடுங்கள்.

கண்டி, மருந்தாளர்: இதே குழு அடுத்த வருடம் நேபாளம் போக ஆசைப்படுகிறது. இங்கே நடந்தால் அதற்குப் பயிற்சி ஆகுமா?

காலுக்கு ஆகும், மூச்சுக்கு ஆகாது. நம் மிக உயர்ந்த பேதுருதாலகால 2,524 மீற்றர். உயரநோய் வழக்கமாகத் தொடங்குவதே அந்த உயரத்துக்கு மேல்தான். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364. தர்ம நடைக்கென்று விற்கிற பயணத்திட்டத்தில் முதலில் படுக்கும் உயரங்களை வரிசையாக எழுதுங்கள். 3,000க்கு மேல் ஒரு இரவுக்கு அடுத்த இரவு 500 மீற்றருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் வேண்டும். எவரெஸ்ட் பாதையில் நாம்சேயில் (3,440) ஒன்று, டிங்போச்சேயில் (4,410) ஒன்று இல்லாத திட்டத்துக்குக் காசு கட்டாதீர்கள். தலையிடியோடு குமட்டல் வந்தால் மேலே ஏறக்கூடாது, தள்ளாட்டம் வந்தால் இரவானாலும் இறங்க வேண்டும். மாத்திரை பற்றி டொக்டரிடம் கேளுங்கள், அது உங்கள் துறை.

பசறை, புதிதாக நடப்பவர்: சப்பாத்து, தண்ணீர், வழிகாட்டி மூன்றும் சுருக்கமாகச் சொல்லுங்கள் அண்ணே.

சப்பாத்து அரை அளவு பெரிதாக, குறைந்தது இரண்டு வாரம் பழகியதாக இருக்கட்டும். கால் நகம் வெட்டுங்கள், இறக்கத்தில் நீண்ட நகம்தான் கறுக்கும். குதியில் சூடு தெரிந்த உடனே பிளாஸ்டர் ஒட்டுங்கள், கொப்புளம் வரும்வரை பொறுக்காதீர்கள். தண்ணீர் இரண்டரை லீற்றர், ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல் தூள்) இரண்டு பக்கெட், பக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்து. தோட்டத்து ஓடைத் தண்ணீரைக் குடிக்கவே வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமியும் தேயிலைக்கு அடித்த மருந்தும் ஒன்றாக வரும், கொதிக்க வைத்தாலும் மருந்து போகாது. பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி. ஒருவர் முன்னால், ஒருவர் வாலாக. வாலுக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. ஆளுக்கு ஒரு விசில்: ஆபத்து என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊத வேண்டும், கேட்டவர் மூன்று முறை ஊதிப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சந்தியிலும் தலை எண்ணுங்கள்.